ஈத்துக்கு முன்னால் வீடு

கரிசல் காட்டுத் தோட்டத்தில் நாய் குட்டி போட்டால் அது அந்த ஒரு வீட்டுச் செய்தியாக நின்றதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, குட்டிகள் கண் விழிக்கும் சமயம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருவார். "கடுவன் எத்தனை, பொட்டை எத்தனை அண்ணாச்சி?" என்பார். படப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். "இந்தச் செவலை நமக்கு" என்று சொல்லிவைத்துவிட்டுப் போவார். விலைப் பேச்சே வராது. வெறுங்கையோடு வாங்கக் கூடாது என்று கருப்பட்டியோ ஒரு படி கம்போ கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார். குட்டி எப்படி வளர்கிறது என்பதைத் தாய் நாயின் சொந்தக்காரர் தம் கிணற்றடியில் நின்றபடியே பார்த்துக்கொள்வார். சோறு போடாமல் காயப் போட்டவனுக்கு அடுத்த ஈத்தில் குட்டி கிடையாது. எழுதப்படாத சட்டம் அது, ஆனால் செல்லுபடியானது.

இதைச் சொல்லும்போது அந்தக் காலமே பொற்காலம் என்று தோன்றிவிடக் கூடாது. யாரும் கேட்காத பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கண்மாய்க்கரையில் விட்டுவந்தவர்களும் இதே ஆட்கள்தான். அதை ஒரு குற்றமாக யாரும் பேசியதில்லை. பேசாததால் எத்தனை குட்டிகள் அப்படிப் போயின என்பதற்குக் கணக்கும் இல்லை. இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் சரியாக இருந்தது. குட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்பது பெரும்பாலும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் முடிவாயிற்று. இன்று பண்ணை வைத்து நாட்டு நாய் வளர்ப்பவர்களிடம் தடுப்பூசி இருக்கிறது, கிரானைட் தரை போட்ட கூண்டு இருக்கிறது, வம்சாவளிச் சான்றிதழ்கூட இருக்கிறது. அந்தக் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் இல்லை. நாட்டு நாய் இனங்களைக் காப்பாற்றுவது பற்றி இருபது வருடமாக நடக்கும் பேச்சில் பெரும்பகுதி எப்படி இணை சேர்ப்பது, எப்படித் தூய்மை காப்பது என்பதைப் பற்றியே இருக்கிறது. பிறந்த குட்டி எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி என்பது என் கட்சி.

முதலில் நாய்களைப் பற்றி. தமிழகத்தின் பெயர் பெற்ற நான்கு இனங்களில் மூன்று ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. கோம்பை தேனி மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். நான்காவது கன்னி. தெற்கத்திக் கரிசல் பகுதியில் மணப்பெண்ணோடு சீராக அனுப்பப்பட்ட நாய் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ராஜபாளையம் பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமாகக் காவலுக்கு நின்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடல், ஒட்டிய வயிறு, நீண்ட கால்; முயல் விரட்டப் பிறந்தவை. கோம்பை செம்பழுப்பில் கருமூஞ்சி, காட்டுப்பன்றிக்கு எதிரே நிற்கும் தைரியசாலி.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் ஒன்று. 2017இல் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் 2020இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகிய மூன்றையும் பதிவுசெய்யப்பட்ட இனங்களாக ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த நாய்களின் பெயரைச் சொன்னார். வானொலியில் பெயர் வந்த பிறகு குட்டி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடின என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அழைப்பு கூடுவது நல்லதா என்று கேட்டால் அவர்களிலேயே விவரமானவர்கள் சற்று யோசிப்பார்கள்.

ஏனென்றால் இந்த நாய்களுக்கு வேலை போய்விட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முயலை விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட உடம்பு சட்டம் வந்த அன்று மாறிவிடவில்லை. சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கி இரண்டாம் மாடிக் குடியிருப்பில் வைப்பவர், ஓடுவதற்காகவே செய்யப்பட்ட ஓர் உயிரை ஒன்பதடி அறையில் வைக்கிறார். ஆறு மாதத்தில் சோபா கிழிகிறது. ஒரு வயதில் எதிர்வீட்டுப் பூனை போகிறது. கிராமத்திலேயே வாங்கினாலும் பக்கத்து வீட்டுக் கோழிகளை அடித்துப் போட்டுப் பஞ்சாயத்து வருகிறது. "வெறி பிடித்த நாய்" என்று பெயர் வைத்து எங்காவது கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். நாயிடம் தப்பு ஒன்றுமில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் குட்டியைக் கைமாற்றியவர் ஒருவர் இருக்கிறார்.

அரசும் இந்தத் தொழிலில் கை வைத்துப் பார்த்தது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்கியது. நாட்டு நாய்க் குட்டி வேண்டுமென்றால் அங்கே பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இனத்தைக் காப்பதுதான் நோக்கம். ஆனால் கடற்கரை ஓரத்துப் புழுக்கத்தில், சின்னச் சின்னக் கூண்டுகளில், கரிசல் காட்டு நாய்கள். விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அந்தப் பிரிவு மூடப்பட்டது. மூடியது சரியா தவறா என்று இன்றும் இரு தரப்பும் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: நாய் இனம் என்பது மாட்டுப்பண்ணை மாதிரி ஓரிடத்தில் தொகுத்துக் காக்கக்கூடிய பொருள் இல்லை. ஐம்பது தோட்டங்களில் ஐம்பது நாய்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இனம் பிழைக்கும். ஒரே கொட்டகையில் ஐம்பது நாய்களை அடைத்தால் பிழைப்பது பதிவேடு.

கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்து முதோலில் இதையே கொஞ்சம் வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் திம்மாபூரில் இருக்கிறது. ஆனால் இனத்தைத் தாங்குவது சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு பெட்டை, நிலத்தில் ஓட்டம், குட்டி விற்ற காசு துணை வருமானம். ராணுவம் முதோலைச் சோதித்துப் பார்க்க எடுத்துச் சென்றதில் இனத்துக்குப் பெயர் கிடைத்தது. அங்கேயும் குட்டிகளை நகரத்துத் தரகர்கள் மொத்தமாக அள்ளிப் போகும் கதை உண்டு. ஆனாலும் தாயும் நிலமும் ஒன்றாக இருப்பது பெரிய விஷயம்.

சரி, தோட்டத்தில் முறையாக ஓர் ஈத்து எடுப்பது என்றால் என்ன? பெட்டை ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மூன்று வாரம் நீடிக்கும் இந்தப் பருவத்தில் அதைப் பூட்டி வைக்காவிட்டால் எல்லாத் திட்டமும் வீண். பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரே ஈத்தில் வெவ்வேறு தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் இருக்க முடியும். செவ்வாய்க்கிழமை நல்ல கடுவனோடு சேர்த்துவிட்டு, வியாழக்கிழமை தோட்டத்துக் கதவைத் திறந்து போட்டால் ஆறு குட்டியில் இரண்டு தெருநாயின் சாயலில் வரும். "தாய் சுத்தம், ஆனா குட்டி என்னமோ கலப்பு மாதிரி இருக்கு" என்று தலையைச் சொறிபவர்கள் எல்லாரும் இந்தக் கதவைத்தான் தேட வேண்டும். தெருவில் நடக்கும் சேர்க்கையால் பரவும் பிறப்புறுப்புக் கட்டி நோயும் இதே கதவு வழியாகத்தான் வருகிறது. கடுவன்காரருக்குக் கூலியாகப் பணமோ, ஈத்தில் ஒரு குட்டியோ கொடுப்பது வழக்கம். குட்டி கொடுப்பதாக ஒப்புக்கொண்டால் அவர் அதை என்ன செய்யப்போகிறார் என்று கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசி வாரத்தில் தினமும் உடல் வெப்பம் பார்த்துவந்தால், ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு அது சட்டென்று ஒரு டிகிரி இறங்குவது தெரியும். பிறந்த குட்டிகளால் முதல் இரண்டு வாரம் தம் உடம்பைத் தாமே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. பசியில் செத்ததாக நினைக்கும் குட்டிகளில் பல, உண்மையில் கார்த்திகை மழையில் ஈரச் சாக்கின் மேல் குளிரில் செத்தவை. சீம்பால் முதல் நாளே கிடைத்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் குடற்புழு மருந்து தொடங்க வேண்டும். இதெல்லாம் எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வதுதான்; விரித்து எழுதத் தேவையில்லை. தட்டுத் தராசு ஒன்று வாங்கித் தினமும் காலையில் குட்டிகளை எடைபோட்டு எழுதி வைப்பதற்கு ஈடான மருத்துவம் வேறில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எடை கூடாத குட்டி, நோய் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே நமக்குச் சொல்லிவிடும்.

ராஜபாளையத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீடு தேடும் பிரச்சினை அங்கே கருவிலேயே தொடங்குகிறது. இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காரணம் வெள்ளை. தோலுக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தால்தான் கேட்கும் உணர்வணுக்கள் பிழைக்கும். வெள்ளையைக் கூட்டிக் கூட்டிப் பொறுக்கியதில் அந்த நிற அணுக்கள் சில குட்டிகளின் காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்து சில வாரங்களுக்குள் செவிப்புலன் அற்றுப்போகிறது. உலகம் முழுக்க இதே கதை டால்மேஷியனுக்கும் உண்டு. அமெரிக்க ஆய்வுகளில் அந்த இனத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை என்று கண்டிருக்கிறார்கள். நீலக்கண் இருந்தால் அபாயம் அதிகம்.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? தட்டைத் தரையில் போட்டு ஓசை எழுப்பிப் பார்க்கிறோம். குட்டி திரும்பினால் காது கேட்கிறது என்கிறோம். அது தரை அதிர்வுக்குத் திரும்பியிருக்கலாம், பக்கத்துக் குட்டி திரும்பியதைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி எல்லாச் சத்தத்துக்கும் திரும்பும். அதை மூளையலைக் கருவி கொண்டு செய்யும் சோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். ஒற்றைச் செவிட்டுக் கடுவனை ஊரே கொண்டாடி நாலு பெட்டைக்குச் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் செவிடு கூடும். இதற்கு மாற்று மிக எளிது, ஆனால் யாருக்கும் பிடிக்காது: காதில் ஒரு சந்தனப் புள்ளி விழுந்த குட்டியையும் வளர்த்து இனத்துக்குள் வைத்துக்கொள்வது. "புள்ளி விழுந்தா விலை போகாதுங்க" என்பார்கள். விலை போகாதுதான். அதனால் நல்ல காதுள்ள குட்டி அடிமாட்டு விலைக்குப் போகிறது, காது கேட்காத பால்வெள்ளை ஆயிரக்கணக்கில் போகிறது. வாங்கியவர் மூன்றாம் மாதம், "இது கூப்பிட்டா வர மாட்டேங்குது, திமிர் பிடிச்ச நாய்" என்று அடிக்கத் தொடங்குகிறார். செவிட்டுக் குட்டியைக் கொல்ல வேண்டியதில்லை. கைச்சைகை பழக்கி மதில் உள்ள வீட்டில் நிம்மதியாக வளர்க்கலாம். ஆனால் வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இலவசமாகக் கொடுக்க வேண்டும், கருத்தடை செய்து கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்பவர்களைக் கைவிரலில் எண்ணலாம்.

வயது விஷயத்துக்கு வருவோம். 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகளை அறிவித்தது. விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையையோ எட்டு வயது தாண்டியதையோ சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்து, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாளில் பார்த்தால் நல்ல விதிகள். நடப்பில் கடைசி விதிதான் அதிகம் மீறப்படுகிறது. சந்தையில் குட்டி முப்பது முப்பத்தைந்து நாளில் கைமாறுகிறது. காரணம் கொடுமைக்குணம் இல்லை, கணக்கு. முப்பதாம் நாள் வரை தாய்ப்பால். அதற்கு மேல் ஆறு குட்டிகளுக்கும் கேழ்வரகும் முட்டையும் கோழிக் கழிவும் வாங்கிப் போட வேண்டும். அதோடு சின்னக் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், உடனே விலை போகும். இரண்டு மாதத்தில் கால் நீண்டு, முகம் கூர்த்து, விடலைப்பயல் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அந்த நான்கு வாரம்தான் எல்லாமே. 1965இல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் மரபும் சமூக நடத்தையும் பற்றி வெளியிட்ட நூல் இதில் இன்றைக்கும் அடிப்படை. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதை, யாரைச் சந்திக்கிறதோ அதுவே அதன் ஆயுள் முழுக்கப் பழகிய உலகம். அந்தக் காலத்தில் மனிதக் கை படாத குட்டி பிறகு மனிதனைக் கண்டால் ஒதுங்கும். அதே காலத்தின் முற்பாதியில் உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடாத குட்டிக்குப் பல்லை எந்த அளவுக்கு அழுத்தலாம் என்றே தெரியாது. முப்பது நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டி வீட்டுக் குழந்தையின் கையைப் பதம் பார்த்தால், அது சொல்லிக்கொடுக்கப்படாத பாடம்.

இன்னொன்று பார்வோ. 1970களின் இறுதியில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஆறு முதல் எட்டு வாரத்தில் கரைந்துகொண்டிருக்கும். அது முழுதாகக் கரையும் வரை தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் குட்டியைக் கூடையில் வைத்து ஆம்னி பஸ்சின் சாமான் அறையில் ஏற்றி இரவெல்லாம் அனுப்பினால், போய்ச் சேர்ந்த நாலாம் நாள் ரத்தபேதி. விற்றவர் "நான் அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். வாங்கியவர் "நோய்க்குட்டியைத் தலையில கட்டிட்டான்" என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சாவது குட்டி.

இங்கே ஒரு கூட்டல் கணக்கு. சட்டம் அனுமதிக்கும் ஐந்து ஈத்தும் ஒரு பெட்டை ஈன்றால், ஈத்துக்கு ஆறு குட்டி என்று வைத்தால், முப்பது குட்டி. ஒவ்வொன்றும் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் வாழும். அதாவது ஒரே ஒரு பெட்டைக்காக, பன்னிரண்டு வருடம் கதவு திறந்திருக்கக்கூடிய முப்பது வீடுகள் வேண்டும். தோட்டத்தில் நான்கு பெட்டை இருந்தால் நூற்றிருபது வீடு. நம்மில் யாருக்கு அப்படி நூற்றிருபது பேரைத் தெரியும்? கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் நாய் வளர்க்க இடம் உள்ளவர், வளர்க்க மனம் உள்ளவர், வீட்டில் அந்த அம்மாள் சம்மதிப்பவர் என்று கழித்துக்கொண்டே வந்தால் பத்துப் பேர் மிஞ்சினாலே பெரிது. இரண்டு ஈத்துக்குக்கூடக் காணாது. பண்ணையை விரிக்க நினைப்பவர் முதலில் கொட்டகையை அளக்கிறார். அளக்க வேண்டியது இந்தப் பட்டியலை.

இங்கிலாந்தில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. வேல்ஸில் ஒரு குட்டி உற்பத்திப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற சின்னஞ்சிறு நாயின் பெயரால் ஓர் இயக்கம் நடந்தது. 2020 ஏப்ரலில் இருந்து அங்கே கடைகளும் தரகர்களும் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை விற்க முடியாது. வாங்குபவர் நேரே வளர்ப்பவரிடம் போக வேண்டும். குட்டி தாயோடு இருப்பதைப் பார்க்க வேண்டும். இந்தச் சட்டம் எல்லாத் திருட்டையும் நிறுத்திவிடவில்லை. ஆனால் "தாயைக் காட்டு" என்ற ஒரே கேள்விக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது. அங்கே விலங்கு நல அமைப்புகள் தயாரித்த குட்டி ஒப்பந்தம் ஒன்றும் உண்டு: தாய் தகப்பன் விவரம், போட்ட ஊசி, தெரிந்த குறைகள், எல்லாம் எழுதிக் கையெழுத்து. நம் ஊரில் இரண்டு சென்ட் நிலத்துக்குப் பத்து முறை பத்திரம் பார்ப்பவர்கள், பன்னிரண்டு வருடம் கூட இருக்கப்போகும் உயிருக்கு ஒரு துண்டுச் சீட்டும் கேட்பதில்லை.

தமிழக அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டு இனங்களை வளர்ப்பதும், நம் வெயிலுக்கு ஒவ்வாத பனிப்பிரதேசத்து நாய்களை இங்கே பெருக்காமல் இருப்பதும் அதன் பேச்சு. வெளிநாட்டு இன வளர்ப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. கத்தரி வெயிலில் குளிர்சாதன அறையில் கிடக்கும் ஹஸ்கியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொள்கையின் நியாயம் புரியும். ஆனால் ஹஸ்கிக்குப் பதில் சிப்பிப்பாறை என்று மாற்றி வைத்துவிட்டால் முடிந்தது என்பது தவறு. அதே குடியிருப்பு, அதே ஒன்பதடி அறை. நாட்டு நாய் என்ற பெருமை அந்த அறையை அகலமாக்காது.

நல்ல வீடு என்றால் என்ன என்று கேட்டால் பலரும் பெரிய வீடு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு கன்னி ஈன்றபோது, கார் வைத்திருந்த ஒருவருக்கு ஆசையோடு ஒரு கடுவனைக் கொடுத்தோம். பங்களா, மதில், தோட்டம். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது குட்டி பின்கட்டில் மூன்றடிச் சங்கிலியில் நின்றது. கழுத்தில் முடி போய்க் காய்ப்புக் காய்த்திருந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டியதா குரைத்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. அதே ஈத்தில் ஒரு பொட்டையை ஆடு மேய்க்கும் ஒருவர் கேட்டு வாங்கினார். அவர் வீட்டில் கதவே சரியாக இல்லை. அந்தப் பொட்டை பதினொரு வருடம் கிடையோடு நடந்தது. பங்களாக்காரர் குட்டியை வாங்கினார். ஆட்டுக்காரருக்குக் குட்டி தேவைப்பட்டது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நாலு கேள்வி போதும்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ராத்திரி நாய் எங்கே படுக்கும், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று, நீங்கள் ஊருக்குப் போனால் யார் சோறு போடுவார்கள். மூன்றாவது கேள்விக்கு "அது எங்கேயோ போயிருச்சு" என்று பதில் வந்தால் அவருக்கு என்னிடம் குட்டி இல்லை. "வயசாகிச் செத்துப்போச்சுய்யா" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தால் காசு வாங்காமலே கொடுக்கலாம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் வாங்குகிறவரிடம் விடக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் காலைப் பிடித்துத் தொங்கும் முரட்டுக் குட்டியைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். வயதான அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது போகக் கூடாது. மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் குட்டி அங்கே சரி. எட்டு வாரம் தினமும் பார்த்தவருக்குத் தெரிந்தது, பத்து நிமிடம் பார்த்தவருக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்கு இரண்டு கடுவன் கொடுப்பதில்லை என்பதை வாடிக்கையாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒன்றரை வயதில் வரும் சண்டையை அவர்கள் முன்கூட்டியே பார்த்தவர்கள்.

பொட்டைக் குட்டிதான் தீராத சிக்கல். "ஆம்பளக் குட்டி இருந்தா சொல்லுங்க" என்பதே எல்லாத் தொலைபேசி அழைப்பின் தொடக்கமும். பயம் நியாயமானதுதான்: பருவத்துக்கு வந்தால் தெருவெல்லாம் வாசலில் நிற்கும், குட்டி போட்டால் யார் பார்ப்பது. இந்தப் பயத்துக்குப் பதில் கருத்தடை. வளர்ப்பவரே செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, குட்டி வளர்ந்த பின் அறுவை முடித்த சீட்டைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் போடலாம். காவலுக்குப் பெட்டை கடுவனுக்குக் குறைந்ததில்லை. ஊர் சுற்றாமல் வாசலில் கிடப்பதில் ஒரு படி மேல். இதைச் சொல்லிச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும்.

கடைசியாக, திரும்பி வரும் நாய். வேலை மாற்றம், விவாகரத்து, குழந்தைக்கு ஒவ்வாமை, வாடகை வீட்டுக்காரர் தொல்லை என்று என்னென்னவோ காரணத்தால் நாய்கள் வீட்டை இழக்கின்றன. அப்போது வளர்த்தவர் முதலில் கூப்பிட வேண்டிய எண் குட்டி கொடுத்தவருடையதாக இருக்க வேண்டும். எந்த வயதானாலும், எந்தக் காரணமானாலும், கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று சொல்ல முடியாதவர் குட்டி எடுக்கக் கூடாது. இதைத் தயாள குணம் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் இறக்கிவிடப்பட்ட கருத்தடை செய்யாத ஒரு சிப்பிப்பாறை, அந்தத் தெருவின் அடுத்த ஐந்து வருடப் பிரச்சினை. பிறகு அந்தத் தெரு நாய்களைப் பிடிக்க ஊராட்சி வண்டி வரும்போது நாட்டு நாய்ப் பெருமை பேசும் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

சாத்தூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் குட்டிகளுக்கு வீடு பார்ப்பதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பள்ளிப்பிள்ளைகள் எழுதும் நீளநோட்டு. குட்டி கேட்டு வருகிறவர் பெயர், ஊர், என்ன வேலைக்கு நாய், வீட்டில் யார் யார் என்று எழுதி, ஒருமுறை போய் வீட்டைப் பார்த்த தேதியையும் போட்டுக்கொள்வார். அவருடைய மயிலை நிறப் பெட்டை இந்தச் சித்திரையில் பருவத்துக்கு வந்தது. கடுவனைக் கேட்டு இரண்டு பேர் வந்து பார்த்தும் போனார்கள். பெட்டையை மூன்று வாரம் பம்புசெட் அறையில் பூட்டிவைத்து, காலையும் மாலையும் தாமே கயிற்றில் பிடித்து நடத்திவந்தார். ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார். "மூணு பேருதான் தேறிருக்காக. இது போன தடவ ஏழு போட்டுச்சு" என்றார்.